பேர் கெடாமல்

2025 ஜூன் மாதத்தில் ஒரு பகல். கல்லூரிகள் திறக்கிற சமயத்தில் எங்கள் கிளையில் கூட்டம் அதிகமாகிவிடும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் ஆதார் நகலும் இரண்டு போட்டோக்களும் வைத்துக்கொண்டு தாயும் மகளுமாக வந்து வரிசையில் நிற்கிறார்கள். அன்று அப்படி வந்த ஒரு அம்மாளின் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். குமாஸ்தாக்களுக்கு அந்த வரிசைதான் பழக்கம். இருபது வருடங்களுக்கு முன்னால் என்னோடு பி.ஏ. ஆங்கில இலக்கியம் ஒன்றரை வருடம் படித்தவள்.

அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கணக்கு அவள் பெயரிலேயே. படிவத்தில் எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுல என்ன வருது, என்ன போகுதுன்னு அவங்கப்பா வந்து கேட்டா சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டமுங்க. கணக்கு பாப்பா பேர்ல இருக்குது. வேற யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க."

"ரூல் இருக்குதுங்களா" என்றாள். அது கேள்வியாக இல்லை. லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது. "வா கண்ணு" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பின்னால் டோக்கன் எண் மாறிக்கொண்டிருந்தது.

வங்கியில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். விசுவாசத்துக்கும் இரகசியத்துக்குமான உறுதிமொழி. 1969-ல் தேசியமயமான வங்கிகளுக்காக 1970-ல் செய்யப்பட்ட சட்டத்திலேயே அது இருக்கிறது. சட்டமோ வழக்கமோ கேட்டால் ஒழிய வாடிக்கையாளரின் விவகாரத்தை வெளியே விடமாட்டேன் என்பது அதன் சாரம். அதை நான் இதுவரை மீறியதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எந்தக் கணக்கை யார் எந்த நேரத்தில் திறந்து பார்த்தார்கள் என்பது கணினியில் பதிவாகிவிடுகிறது. ஒருவருக்கு நகைக்கடன் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் நயமாக விசாரிப்பார். நானும் நயமாகச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். ரூபாயின் இரகசியத்தை இப்படிக் காப்பாற்றத் தெரிந்த எனக்கு, பதினெட்டு வயதில் ஒரு பெண் நம்பிச் சொன்னதை நான்கு நாள்கூடக் காப்பாற்றத் தெரியவில்லை. அவள் சிரிப்புக்கு அர்த்தம் அதுதான்.

*

நடந்தது எங்கள் இரண்டாம் வருடத்தில். துறை அறை, இன்டர்னல் மார்க், சாத்தப்பட்ட கதவு. இந்த மூன்றைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். கல்லூரியில் படித்த எந்தப் பெண்ணுக்கும் மிச்சம் தெரியும். அவள் புகார் எழுத வேண்டும் என்றாள். வகுப்பில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று ஒரு பெயர். "நீங்க எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள்.

நூலகத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினேன். அப்போது நான் விக்டோரியா காலத்து நாவல்களில் ஊறிக் கிடந்தவன். கடிதமும் அந்த நடையில் வந்தது. மனு எழுதும் முறைப்படி முதல் வரியிலேயே அவள் பெயர், வகுப்பு, வரிசை எண், தகப்பனார் பெயர், ஊர், தபால் நிலையம் எல்லாம் போட்டேன். ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் மூன்று பக்கவாக்கியங்களோடு நீண்டு போய் ஒரு வினைச்சொல்லில் டக்கென்று முடிகிற ஒரு வாக்கியம் அமைந்துவிட்டது. இப்போதும் அது எனக்கு மனப்பாடம்.

அன்று சாயங்காலம் பேக்கரியில் டீ குடிக்கும்போது நண்பன் ஒருவனிடம் சொன்னேன். வம்பு பேசுவதற்காகச் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு இரக்கம் இருந்தது வாஸ்தவம். ஆனால் இரக்கத்தினாலும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் ரசித்தான். "யாருடா அது?" என்று கேட்டான். சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லிப்போடாதே" என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அடுத்த நான்கு நாட்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள்.

நான்காம் நாள் அவள் ஊர் டவுன் பஸ்ஸில் பேச்சு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தெரிந்துகொள்ளப் பெயர் வேண்டியதில்லை. எந்த ஊர், எந்தத் தோட்டம், என்ன ஆள் என்று மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்கு முன்பே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். கொங்கு மரியாதையோடு, வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' வைத்து, ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விடலாம்.

பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ எழுதுனதா? இங்கிலீஷ் நல்லா இருக்குது. ஆனா காலேஜ் பேரு என்னாகறது, சொல்லு" என்றார். தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதை நான் இலக்கண வகுப்பில் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அறையில் தெரிந்துகொண்டேன். ஸ்தாபனத்துக்கு இருப்பது கெடக்கூடிய பேர். பெண்ணுக்கு இருப்பது கெடுக்கக்கூடிய பேர். முதலாவதைக் காப்பாற்ற ஒரு அலுவலகமே இருந்தது. இரண்டாவதைக் காப்பாற்ற என்னை நம்பியிருந்தாள்.

பொங்கலுக்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. சீக்கிரமே கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். அந்த ஆசிரியர் அடுத்த வருடம் எங்களுக்கு ஷேக்ஸ்பியர் நடத்தினார். நன்றாகவே நடத்தினார்.

*

அன்று சட்டம் இல்லாமல் இல்லை. விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் 1997-லேயே வழிமுறைகளை வகுத்திருந்தது. புகாரை விசாரிக்கப் பெண் தலைமையில் குழு வேண்டும், இரகசியம் காக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இருந்ததாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்தவர்கள் செய்த அட்டூழியத்தில் கீழே விழுந்து இறந்துபோனாள். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம். ஏவாளைச் சீண்டுதல். ஒரு சாவிலிருந்து பிறந்த சட்டத்தின் தலைப்பில் சீண்டல் என்ற சொல் உட்கார்ந்திருந்தது. கூடவே, முதல் பாவத்துக்குக் காரணமானவள் என்று வேதாகமம் சொல்கிற பெண்ணும். பிறகு அந்தப் பெயரை மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று ஆக்கினார்கள். பத்திரிகைகளும் பேச்சு வழக்கும் பழைய சொல்லை இன்னும் விட்டபாடில்லை. ஒரு சொல்லைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுப்பது சுலபம். வாயிலிருந்து எடுக்க அரசாணை இல்லை.

பெயரைப் பற்றிய சட்டம் இன்னும் பழையது. மகாராஷ்டிரத்தில் 1972-ல் ஒரு ஆதிவாசிச் சிறுமிக்குக் காவல் நிலையத்துக்குள்ளேயே கொடுமை நடந்தது. 1978-ல் உச்சநீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் கிளப்பிய எதிர்ப்பின் விளைவாக 1983-ல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபோது 228-அ என்ற பிரிவு சேர்ந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மட்டுமல்ல, அவள் யார் என்று தெரியவைக்கும் எந்த விஷயத்தையுமே அச்சிடவோ வெளியிடவோ கூடாது. எந்த ஊர், எந்தத் தோட்டம் என்ற கேள்விகளை, கொங்கு நாட்டைப் பார்க்காமலே அந்தப் பிரிவை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். இதில் ஒரு முரண் உண்டு. எந்தச் சிறுமிக்கு நேர்ந்ததிலிருந்து இந்தப் பிரிவு பிறந்ததோ, அந்த வழக்கைச் சட்டப் புத்தகங்கள் இன்றும் அவள் பெயரைச் சொல்லித்தான் அழைக்கின்றன. 1998 சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் அப்படித்தான். நான் இரண்டு பெயர்களையும் எழுதவில்லை. எழுதாததனால் கட்டுரையில் எதுவும் குறைந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கல்லூரிகளுக்கென்று தெளிவான விதிகள் வந்தது 2016-ல். 2013 சட்டத்தை ஒட்டி பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அந்த ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளி ஆள் ஒருவர். விஷயம் மாணவர் சம்பந்தப்பட்டதென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். மூன்று மாதத்துக்குள் புகார்; 90 நாளில் விசாரணை முடிவு. புகார் செய்தவர், சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவர் யாருடைய அடையாளமும் வெளியே போகக் கூடாது. குழுவில் இருப்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கப்பட வேண்டும். நல்ல விதி. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் அந்தப் பலகை இருந்தது. அதில் முதலில் இருந்த அம்மையார் ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது என்று என்னோடு வந்த பேராசிரியர் சொன்னார். தெரிய வேண்டிய பெயர் தெரியாமலும், தெரியக் கூடாத பெயர் தெரிந்தும் இருக்கிற நிலையை அந்தப் பலகை எனக்குச் சுருக்கமாகச் சொல்லிற்று.

*

பொள்ளாச்சி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தாள். பழகி, நம்பவைத்து, தனியிடத்துக்குக் கூட்டிப்போய், படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்து மிரட்டுவது அந்தக் கும்பலின் முறை. அவர்களிடம் இருந்த ஆயுதம் ஒன்றுதான்: வெளியே சொல்லிவிடுவோம்.

சொன்னது அரசு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகைக்காரர்களிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றி மார்ச் மாதம் வந்த அரசாணையில் அவள் பெயரும் கல்லூரியும் சகோதரன் பெயரும் இருந்தன. இப்படிப்பட்ட பெண்ணின் அடையாளத்தை மறைமுகமாகக்கூட வெளியிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொல்லி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பெயரில்லாமல் புதிய அரசாணை போடச் சொன்னது. பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கும்பல் செய்யப்போவதாக மிரட்டிய காரியத்தை, அதற்கு எதிராகக் கிளம்பிய அரசாங்கம் தன் தாளில், தன் முத்திரையோடு செய்துவிட்டது. இதில் சதி இருந்ததா என்பது என் விஷயமல்ல. எனக்குக் கண்ணில் படுவது அந்த அரசாணையைத் தட்டச்சு செய்த கை. மனு எழுதும் முறைப்படி, முதலில் பெயர், பிறகு கல்லூரி, பிறகு உறவு. அந்தக் கையை எனக்குத் தெரியும். நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கை அது.

நம்மையும் சொல்லிவிட வேண்டும். அந்த மார்ச்சில் ஒரு பெண் கதறும் குரல் செல்பேசிகளில் சுற்றிவந்தது. வங்கியில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் போட்டார்; எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டோம்; பிறகு சாப்பிட்டோம். அந்தக் குரலில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அப்போது நான் உதவி செய்துகொண்டிருந்த ஒரு சிறுபத்திரிகைக்கு அந்த மாதம் பதினோரு கவிதைகள் வந்தன. ஏழு கவிதைகளில் அந்த வாக்கியம் இருந்தது. மூன்றில் அதுவே தலைப்பு. 1971-ல் வானம்பாடி கிளம்பிய ஊர் இது. அநீதியைக் கண்டால் உரத்துப் பேசுவது இங்கே கவிதையின் கடமை என்று ஆகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால் இங்கே பேசியது கவிஞன் குரல் அல்ல. ஒரு குற்றத்தை நடத்தியவர்கள், அதை நடத்திக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்த குரல். அந்தப் பதிவு பரவுவதுதான் குற்றத்தின் மறுபாதி. கவிதைகள் அந்த மறுபாதியில் சேர்ந்துகொண்டன. கவிஞர்கள் எல்லோரும் நல்லவர்கள், உண்மையாகவே கொதித்துப்போனவர்கள். எனக்கும் அன்று பேக்கரியில் இரக்கம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா.

நான் ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வாக்கியம் அதில் கடைசி வரியாக வந்தது. அமைப்பில் கச்சிதமாக இருந்தது என்று ஆசிரியருக்குக் குறிப்பு எழுதினேன். அச்சில் வந்தது.

அனுபவத்தின் உண்மை என்று நாம் வருடக்கணக்காகப் பேசிவருகிறோம். கற்பனையான சோகத்தை விட ஸ்தூலமான ஒரு குரல் மேல் என்று நானே எழுதியிருக்கிறேன். அது யாருடைய குரல், அவள் கொடுத்தாளா என்ற கேள்வி அந்த விமர்சன முறையில் எங்கும் வருவதில்லை. வங்கியில் ஒரு காசோலை வந்தால் முதலில் பார்ப்பது கையெழுத்து. இலக்கியத்தில் நாம் தொகையை மட்டும் பார்க்கிறோம்.

*

2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி தாக்கப்பட்டாள். அங்கும் அதே ஆயுதம்: படம் எடுத்திருக்கிறேன், கல்லூரிக்கும் அப்பாவுக்கும் காட்டிவிடுவேன். அவள் பயப்படாமல் மறுநாளே புகார் கொடுத்தாள். இரண்டொரு நாளில் முதல் தகவல் அறிக்கை, அவள் விவரங்களோடு, ஊர் முழுக்கச் செல்பேசிகளில் இருந்தது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2016-ல் சொன்னபோதே பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்துக்கு மாறும்போது கணினியில் பூட்டு விழாமல் போய்விட்டது என்று விளக்கம் சொல்லப்பட்டது. உயர்நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. அறிக்கை எழுதப்பட்ட மொழியே அந்தப் பெண்ணைக் குறை சொல்கிற மாதிரி இருக்கிறது என்று கண்டித்தது. அவள் விவரம் வெளியானதற்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. குமாஸ்தாவின் புத்தி, ஐந்தே முக்கால் வருட இடைவெளியில் அதே தொகை என்பதைக் கவனித்தேன்.

2025 ஜனவரியில் சட்டமன்றம் கூடித் தண்டனைகளைக் கூட்டும் மசோதாக்களை நிறைவேற்றியது. பெயரை வெளியிடுவதற்கான தண்டனையும் அதில் கூடியது. மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்றது. எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஜூன் 2 அன்று அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 30 வருடம் குறையாத ஆயுள் தண்டனை. பேக்கரிகளில் பேச்செல்லாம் தண்டனையைப் பற்றித்தான். தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு வேறொன்று பெரிதாகப் பட்டது. பொள்ளாச்சி வழக்கு மூடிய அறையில் நடந்தது. எட்டுப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். விசாரித்த சாட்சிகள் 48 பேரில் ஒருவரும் பிறழவில்லை. கோவை நீதிமன்ற வளாகத்தைத் தெரிந்தவர்களுக்கு இது என்ன காரியம் என்று புரியும். வாசலில் இருந்து அறை வரைக்கும் சொந்த ஊர்க்காரர்கள் யாராவது நின்றிருப்பார்கள். அந்த இடத்தில் எட்டுப் பெயர்களை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். நேரம் குறித்து, வண்டி ஏற்பாடு செய்து, கோப்பில் எழுத்தால் மட்டும் குறித்து, கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பி. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பெண் காவலர்களாக, நீதிமன்ற எழுத்தர்களாக, தட்டச்சர்களாக இருக்கலாம். 2019-ல் ஒரு தட்டச்சில் போன பெயர். பிறகு ஆறு வருடம் பல கைகளால் காப்பாற்றப்பட்ட பெயர்கள். அந்தத் தீர்ப்பை முதலில் எழுதியவர்கள் இவர்கள் என்று சொல்வேன்.

அரசின் கொள்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் தண்டனையின் அளவு. அதை அறிவிக்கலாம், மேஜை தட்டலாம். பெயரைக் காப்பது அறிவிக்க முடியாத வேலை. தினமும் செய்ய வேண்டிய குமாஸ்தா வேலை. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒரு மாணவி புகார் எழுதுவதா வேண்டாமா என்று விடுதியில் உட்கார்ந்து யோசிக்கும்போது அவள் முன்னால் நிற்கிற கேள்வி, அவனுக்கு எத்தனை வருடம் கிடைக்கும் என்பதல்ல. இந்தத் தாளை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது. இதற்குப் பதில் சொல்லாத எந்தச் சட்டமும் அவளைப் பொறுத்தவரை இன்னும் நிறைவேறவில்லை.

*

2025 நவம்பர் 2 இரவு கோவை விமான நிலையத்துக்குப் பின்புறத்தில் ஒரு கல்லூரி மாணவிக்கு நடந்ததை எல்லோரும் அறிவோம். மூன்று பேர் காலில் சுடப்பட்டுக் கைதானார்கள். அந்த வாரம் என் கவுன்டரில் பணம் எடுக்க வந்தவர்களில் துப்பாக்கிச் சூட்டைப் பாராட்டாதவர் இல்லை. அதே மூச்சில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எந்தக் காலேஜுங்க? எந்த ஊருப் புள்ளைங்க?" என்றார்கள். எல்லோரும் மரியாதைப்பட்டவர்கள். பெண்களைப் பெற்றவர்கள். "தெரியாதுங்க" என்றேன். வாஸ்தவத்தில் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இருபது வருடத்துக்கு முந்தைய என்னை வைத்து யோசித்துப் பார்த்தேன்.

இந்தக் கட்டுரையும் ஒரு சொல்லிவிடுதல்தான் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். ஊர், வருடம், அவள் வந்த காரியம், எங்கள் பாடம் இவற்றில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்லமாட்டேன். நான் செய்ததை மட்டும் மாற்றவில்லை. அவளிடம் அனுமதி கேட்டிருக்கலாம். கேட்பதற்கு அவள் செல்பேசி எண் வேண்டும். அது கணக்குப் படிவத்தில் இருக்கிறது. இந்தக் காரியத்துக்காக அதைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே அனுமதி இல்லாமல்தான் எழுதுகிறேன். இதில் என்னை நியாயப்படுத்திக்கொள்ள வழி எதுவும் தெரியவில்லை. கதையில் அவள் பாகத்தை முடிந்தவரை சிறிதாக்கி, என் பாகத்தைப் பெரிதாக்கினேன். அந்த ஆங்கில வாக்கியத்தை மேற்கோள் காட்ட ஒரு கணம் கை போயிற்று. காட்டவில்லை.

அந்தச் சிறுபத்திரிகை ஆசிரியருக்கு, நான் தேர்ந்தெடுத்த கவிதையைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

மகளின் கணக்கில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வரவாகிக்கொண்டிருந்திருக்கும். நான் திறந்து பார்க்கவில்லை.